விசா கைக்கு வரும் முன் சாமான் கப்பலேற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் குடியேறச் செல்வோருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். வீட்டுச் சாமான்களைக் கட்டுவது, விமானச் சரக்கா கப்பல் சரக்கா என்று முடிவு செய்வது, விசா விண்ணப்பத்தை நிரப்புவது என எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்த அக்கட்டுரையில் ஒரேயொரு யோசனை மட்டும் என்னை உறுத்தியது. கப்பலில் சாமான் போய்ச் சேர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும், விசாவும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்துவிடும், ஆகவே விசாவுக்கு விண்ணப்பித்த கையோடு சாமானையும் அனுப்பிவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்பது அந்த யோசனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் என் வீட்டுச் சாமானைக் கப்பலேற்றினேன். அந்தக் கணக்கு எந்த இடத்தில் பிசகும் என்பதைக் கைப்பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேலை உறுதியாகிவிட்டது. பணி அனுமதிக்கு முதற்கட்ட ஒப்புதலும் வந்துவிட்டது. வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். சாமான் கட்டும் ஆட்கள் இரண்டு நாள்களில் 62 பெட்டிகளைக் கட்டி முடித்தார்கள். இரண்டாம் நாள் மாலை, இரும்பு பீரோவின் நடு இழுப்பறையைப் பாதி இழுத்துப் பிடித்தபடி, "சார், இதில் இருப்பதையும் சேர்த்துக் கட்டிவிடலாமா?" என்று ஒரு பையன் கேட்டான். காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்ற நான், கட்டலாம் என்று தலையை ஆட்டினேன். அந்த இழுப்பறையில் இருந்த பழுப்பு நிறக் கோப்பில்தான் எங்கள் திருமணச் சான்றிதழின் மூலப்பிரதி இருந்தது. கப்பல் புறப்பட்ட ஒன்பதாம் நாள் விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மனைவியின் விண்ணப்பத்துக்குத் திருமணச் சான்றிதழின் மூலப்பிரதியை, அப்போஸ்டில் முத்திரையுடன் காட்ட வேண்டுமாம். குடும்ப விண்ணப்பங்கள் அனைத்தையும் ஒன்றாகவே பரிசீலிப்பார்கள் என்பதால் என் விசாவும் அத்தோடு நின்றது.

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் பொது ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் மறு சான்றளிப்புக் கேட்காமல் ஏற்பதற்காக வழங்கப்படும் சான்று. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் இதற்குள் வந்துவிட்டதால், தூதரகம் தூதரகமாக முத்திரைக்கு அலையும் வேலை பலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டின் அதிகாரிதான் அதை அளிக்க முடியும். ஆகவே என் சான்றிதழ் கப்பலிலிருந்து பத்திரமாக இறங்கி அக்கரையில் என் கைக்கு வந்திருந்தாலும் பயனில்லை. முத்திரைக்காக அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்க வேண்டும்.

இதற்குள் கொள்கலன் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது. வசிப்பு விசாவைக் காட்டினால்தான் சுங்கத்தில் வீட்டுச் சாமானாக விடுவிப்பார்கள் என்று அங்கிருந்த முகவர் எழுதினார். சாமானை எடுக்க விசா வேண்டும், விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழோ சாமானுக்குள் இருக்கிறது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கட்டிய ஆட்கள் 37ஆம் எண்ணுக்கு நேரே "பலவகைப் பொருள்கள்" என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் பெற்று, அதற்கு அப்போஸ்டில் வாங்கி, விசா கையில் கிடைப்பதற்கு ஏழு வாரங்கள் ஆயின. துறைமுகத்தில் இலவசமாக வைத்திருக்க அனுமதித்த நாள்கள் முதல் வாரத்திலேயே தீர்ந்திருந்தன. அதன்பின் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறியது, அதுவும் நாள் ஆக ஆக வீதம் உயரும் வகையில். மொத்தமாகப் பார்த்தபோது, கப்பல் கட்டணத்தைவிடச் சாமான் சும்மா கிடந்ததற்குக் கொடுத்த பணம் அதிகம்.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். சான்றிதழைப் பெட்டியில் போட்டது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழ் என் பையிலேயே இருந்திருந்தாலும், விசா தாமதமாகியிருந்தால் துறைமுகத்தில் இதே கதைதான் நடந்திருக்கும். பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் சுங்கத் தீர்வை கேட்பதில்லை என்பது உண்மை. அந்தச் சலுகை வந்து குடியேறும் ஆளுக்கு உரியது, சாமான் அவர் பின்னால் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1186/2009 எண்ணுள்ள ஒழுங்குமுறையை எடுத்துக்கொண்டால், வருபவர் தொடர்ந்து 12 மாதங்களாவது ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், பொருள்கள் குறைந்தது ஆறு மாதங்கள் அவர் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், குடியேறிய 12 மாதங்களுக்குள் அவற்றைக் கொண்டுவர வேண்டும், அதன்பின் 12 மாதங்களுக்கு விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. ஆள் வருவதற்கு முன்பே சாமானை அனுப்பவும் அதில் இடமுண்டு. ஆனால் ஆறு மாதங்களுக்குள் குடியேறுவேன் என்ற உறுதிமொழியுடன் பிணையமும் கட்ட வேண்டும். பிரிட்டனில் இந்தத் தீர்வை விலக்குக்கென்றே தனி விண்ணப்பம் உண்டு. அமெரிக்காவில் ஓராண்டாவது பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்குத்தான் விலக்கு. கனடாவில், முதன்முதலில் நாட்டுக்குள் நுழையும் நாளிலேயே, பின்னால் வரவிருக்கும் பொருள்களின் பட்டியலையும் எல்லை அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும், பிற்பாடு நினைவுக்கு வந்ததைச் சேர்க்க முடியாது. இவை எல்லாவற்றிலும் முதல் கேள்வி "நீங்கள் யார், இங்கே வசிக்க உங்களுக்கு என்ன உரிமை?" என்பதே. அதற்குப் பதில் விசாதான். பயணத்துக்கென்று புது டி.வி.யும் புது வாஷிங் மெஷினும் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் அனுப்புகிறவர்களும் மேலே சொன்ன ஆறு மாதம், ஓராண்டு என்ற வரிகளை இன்னொரு முறை படிப்பது நல்லது.

கட்டுரையின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. விசாவுக்கான காகிதங்களுக்கு ஆயுள் குறைவு. பிரிட்டன் விசாவுக்குக் கேட்கப்படும் காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும், கனடாவின் குடியேற்ற மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்கு. காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் சமீபத்தியதாகவே கேட்பார்கள். பாஸ்போர்ட்டிலும் குறைந்தது ஆறு மாதக் காலம் மிச்சமிருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் நிபந்தனை. ஒரு காகிதம் தாமதமானால், அதற்காகக் காத்திருக்கும்போதே முன்பு வாங்கி வைத்த மற்றொன்று காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். "ஏறக்குறைய எட்டு வாரம்" என்று விசாவுக்குச் சொல்லப்படும் காலம் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால் மட்டும் பொருந்தும் காலம். கப்பலுக்குச் சொல்லப்படும் காலமும் அப்படியே. நடுவழித் துறைமுகத்தில் கப்பல் மாற்றுவார்கள், அடுத்த கப்பலில் இடமில்லை என்பார்கள். முழுக் கொள்கலன் எடுக்காமல் பிறர் சாமானோடு சேர்த்து அனுப்பினால், அதே கொள்கலனில் இருக்கும் யாரோ ஒருவருடைய காகிதச் சிக்கலுக்காக நம் சாமானும் காத்துக் கிடக்கும். இரண்டு நிச்சயமற்ற காலங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று எதிர்பார்க்கும் யோசனையைக் கட்டுரையாளர் போன்ற விவரமானவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பொருட்பட்டியலைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் முடித்துக்கொண்டது. எனக்கென்னவோ மொத்த வேலையிலும் முக்கியமான காகிதம் அதுதான் என்று படுகிறது. சுங்க அதிகாரி பார்ப்பதும் அதை, காப்பீட்டு நிறுவனம் பார்ப்பதும் அதை. "சமையலறைச் சாமான் - 4 பெட்டி" என்று எழுதியிருந்தால் பெட்டியைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள். பெட்டி எண், உள்ளே இருப்பவை, எத்தனை, எந்த ஆண்டில் வாங்கியது, தோராய மதிப்பு, மின்சாதனமானால் அதன் வரிசை எண் என்று எழுதியிருந்தால் கேள்வி குறையும். பட்டியலிலும் கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலும் இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் ஒரு விதமாகவும் சரக்குக் காகிதத்தில் வேறு விதமாகவும் பெயரை எழுதிவிட்டு, "இருவரும் ஒருவரே" என்று துறைமுகத்தில் நின்று மெய்ப்பிக்க நேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலைக் கட்டும் ஆட்களின் கையில் விட்டுவிடாமல் வீட்டார் ஒருவர் பக்கத்தில் நின்று எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். என் வீட்டில் அதைச் செய்திருந்தால் 37ஆம் பெட்டி என்று ஒன்று இருந்திருக்காது.

காப்பீடு பணக்காரர்களுக்குத்தான் என்ற தொனியில் கட்டுரை பேசுவதையும் ஏற்பதற்கில்லை. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டி ஆறு நாள்கள் குறுக்கே நின்றது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் கப்பல் உரிமையாளர்கள் "ஜெனரல் ஆவரேஜ்" அறிவித்தது பலருக்குத் தெரியாது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை, அதில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற மிகப் பழைய கடல் வழக்கம் அது. அப்படி அறிவிக்கப்பட்டால், கப்பலில் பழைய கட்டிலும் மெத்தையும் வைத்திருப்பவரும் பங்கு கொடுத்தாக வேண்டும். காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும், இல்லாதவர் ரொக்கம் கட்டினால்தான் சாமான் வெளியே வரும். வீட்டாரே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது என்பதையும் காப்பீட்டு விண்ணப்பத்தின் சிறிய எழுத்துகளில் தேடிப் படிக்க வேண்டும்.

கட்டும் முறை பற்றி எழுதியிருந்தவை சரியானவை. ஒன்றை மட்டும் சேர்க்கலாம். மரச்சட்டங்களில் கட்டினால், அந்த மரம் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டு, அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும். முத்திரையில்லாத மரத்தைப் பூச்சி அச்சம் காரணமாகப் பல துறைமுகங்கள் ஏற்பதில்லை.

விசா வரும்வரை சாமானை எங்கே வைப்பது, வீட்டைக் காலி செய்துதானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். புறப்படும் ஊரிலேயே, சாமான் கட்டிய நிறுவனத்தின் கிடங்கிலோ வேறு கிடங்கிலோ மாத வாடகைக்கு வைக்கலாம். அங்கே டெமரேஜ்போல நாளுக்கு நாள் வீதம் ஏறாது. தேவைப்பட்டால் ஒரு பெட்டியைத் திறந்து கோப்பை எடுத்துக்கொள்ளவும் முடியும். உடனே வேண்டிய துணிமணிகளையும் குழந்தைகளின் புத்தகங்களையும் விசா வந்தபின் விமானத்தில் அனுப்பலாம். அதில் பொருள் இலேசாக இருந்தாலும் ஒரு கன மீட்டர் இடத்துக்குச் சுமார் 167 கிலோ என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவதால் தலையணையும் மெத்தையும் எடைக்கு மீறிய செலவு வைக்கும், அவை கப்பலுக்கே காத்திருக்கட்டும்.

எனவே, விண்ணப்பித்த கையோடு சாமானை அனுப்பலாம் என்ற அந்த யோசனைக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். குடும்பத்தினர் அனைவருடைய பாஸ்போர்ட்டிலும் விசா ஏறிய பின்பே கப்பலில் இடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைச் சாமான் கட்டும் ஆட்கள் வருவதற்கு முதல் நாளே வீட்டைவிட்டு வெளியேற்றி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்றும் அதில் இரண்டு வரி சேர்த்தால் நல்லது. வீட்டுக்குள்ளேயே வைத்தால், எவ்வளவு சொன்னாலும், அந்த அவசரத்தில் யாராவது ஒருவர் கட்டிவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்