ஹெட்லைட் வயரில் ஜிபிஎஸ் மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உணவு டெலிவரி செய்பவர், கூரியர் பையன், விற்பனைப் பிரதிநிதி என்று பைக்கிலேயே பிழைப்பவர்கள் எல்லாருடைய ஹேண்டில்பாரிலும் இன்று ஒரு ஜிபிஎஸ் கருவியோ, அந்த வேலையைச் செய்யும் செல்போனோ இருக்கிறது. அதற்குக் கரண்ட் எடுக்கும் விதம்தான் பல வண்டிகளில் தப்பாக இருக்கிறது. சாலையோர அக்சஸரி கடைகளில் ஹெட்லைட்டைக் கழற்றி, கைக்கு எட்டிய வயரைச் சுரண்டி முறுக்கி, டேப் சுற்றிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மழையில் ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டர் எரியாது, சில வண்டிகள் நடுரோட்டில் நின்றும் போகும். பழி சார்ஜர் மேல் விழும். பெரும்பாலும் குற்றம் சார்ஜருடையது அல்ல, வயர் எடுத்த இடத்துடையது.

முதல் தப்பு ஹெட்லைட் வயர். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன் விற்ற 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் மேக்னெட்டோவின் லைட்டிங் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்ட் போகிறது. பல்புக்கு ஏசி, டிசி வித்தியாசம் கிடையாது. சார்ஜருக்கு உண்டு. அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் பிளஸ், மைனஸ் மாறி விழும். சூடாகித் தலை உப்பிச் செத்துப்போகும். டயோடு போட்ட நல்ல சார்ஜர் என்றால் சாகாது, ஆனால் ஐடிலில் கரண்ட் போதாமல் கருவி அணைந்து அணைந்து எரியும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் எரியாவிட்டால் அது ஏசி என்று முன்பெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் வந்த பிறகு, இன்ஜின் ஓடினால்தான் எரியும் டிசி ஹெட்லைட்டுகளும் வந்துவிட்டன. எனவே மல்டிமீட்டர் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. இன்ஜினை ஓடவிட்டு அந்த வயரை டிசியில் ஒரு முறை, ஏசியில் ஒரு முறை பாருங்கள். டிசியில் பூஜ்யத்தை ஒட்டியும் ஏசியில் பன்னிரண்டு, பதின்மூன்று வோல்ட்டும் காட்டினால் அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, வயர் நிறத்தை நம்புவது. சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஹோண்டா வழக்கத்தில் வயரிங் செய்த வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு என்பது சாவி போட்டதும் பிளஸ் வரும் வயர். அதையே எர்த் என்று நினைத்து பாடியோடு சேர்த்தால் மெயின் ஃபியூஸ் அந்த நொடியே போகும். யமஹாவில் கறுப்பு உண்மையிலேயே எர்த், சாவி வழியாக வரும் பிளஸ் பழுப்பு நிறம். ஒரே மெக்கானிக் காலையில் ஒரு வண்டியும் மாலையில் இன்னொன்றும் பார்க்கும்போது எங்கே தடுமாறுவார் என்பது புரிகிறதா? நிறம் ஒரு குறிப்புதான், முடிவு மீட்டருடையது. பல்பு கட்டிய டெஸ்டரை இப்போதைய எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் கண்ட கண்ட வயரில் குத்துவதும் கூடாது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வின் வயரில் பல்பு இழுக்கும் கரண்டே அதைக் கெடுத்துவிடலாம். த்ராட்டில் சென்சாருக்குப் போகும் 5 வோல்ட்டைப் பார்த்து 'யுஎஸ்பிக்குச் சரியாக இருக்கிறதே' என்று அதில் மாட்டுவது அதைவிட மோசம்.

அப்படியானால் எங்கே எடுப்பது? பின் பிரேக் லைட் ஸ்விட்ச் நல்ல இடம். ஹெட்லைட் ஏசியில் ஓடும் பழைய வண்டிகளிலும் பிரேக் லைட் பேட்டரியில்தான் எரியும். சாவியைப் போட்டு, பிரேக்கை மிதிக்காமல், ஸ்விட்சின் இரண்டு வயரையும் மீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் காட்டுவதுதான் வேண்டிய வயர். சாவியை எடுத்தால் அது பூஜ்யமாக வேண்டும். ஆகாவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

ஒரே ஒரு கருவிக்கு இந்த வயரிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகவே எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எளிது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். மாற்றுவதில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் ஒரு ஆம்பியர்தான் வரும். 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 18 வாட் வேக சார்ஜர் என்றால் கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர், அதற்கு 3 ஆம்பியர் ஃபியூஸ். வயர் முக்கால் சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டு வேண்டாம், இன்ஜின் சூட்டில் அதன் தோல் இளகிவிடும். கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச், போடச் சொல்வார். 100 சிசி வண்டியில் ஒற்றை சார்ஜருக்கு அது வீண் செலவு. ரிலே காயிலே 150 மில்லி ஆம்பியர் தின்னும்.

ஜிபிஎஸ்ஸோடு ஃபாக் லைட்டோ இன்னொரு சார்ஜரோ சேரும்போது ரிலே கட்டாயம் வேண்டும். ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-ஆம் காலுக்கு, 87-லிருந்து கருவிகளுக்கு, பிரேக் ஸ்விட்ச் வயரிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 86-க்கு, 85 எர்த்துக்கு. காயிலின் (85, 86 கால்களின்) குறுக்கே ஒரு 1N4007 டயோடு, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் பார்த்தபடி. சாவியை அணைக்கும்போது காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜை அது விழுங்கிக்கொள்ளும். உள்ளேயே டயோடு வைத்த ரிலே என்றால் தனியாக வேண்டாம், ஆனால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

ஃபியூஸ் பேட்டரிக்கு அரை அடிக்குள் இருக்க வேண்டும். ஹேண்டில்பார் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துப் பயனில்லை. அது காப்பது கருவியை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால், டேங்குக்கு அடியில் தீப்பிடிப்பதைத் தடுக்க அங்கே எதுவுமே இல்லை.

எர்த்தையும் பேட்டரி மைனஸிலிருந்தே கொண்டுவாருங்கள். ஹேண்டில்பாரில் எர்த் எடுத்தால் கரண்ட் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) குண்டுகள் வழியாகத் திரும்ப வேண்டியிருக்கும். ரப்பர் புஷ் வைத்த ஹேண்டில் என்றால் அதுவும் கிடையாது. ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கருவி அணைகிறது என்று வரும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலை தொடங்கும்போது மைனஸை முதலில் கழற்றி, முடிந்ததும் கடைசியாக மாட்டுவது பழக்கமாக இருக்கட்டும்.

மழையில் கெடுவது இணைப்புகள்தான். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் வெயிலுக்குப் பசை இளகும், மழைக்கு ஈரம் இறங்கும், ஓர் ஆண்டில் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். சால்டரிங் செய்தால் கெட்டி என்பார்கள். அசையாத சர்க்யூட் பலகையில் கெட்டிதான். பைக்கில் ஈயம் வயருக்குள் ஏறி விறைத்துப்போன இடம் முடியும் புள்ளியில், அதிர்வுக்கு இழை இழையாக அறுபடும். சரியான லக்கு (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து, அதற்கான பிளையரால் நசுக்கி கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, இணைப்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வயரைக் கட்டிவிடுங்கள். கழுத்துப் பகுதியில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே கேபிள் டையை இறுக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டவே கூடாது. பிளக் வயரிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

காருக்கு வாங்கிய ஜிபிஎஸ்ஸை பைக்கில் மாட்டுபவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. லைட்டர் பிளக் பெரிதாக இருக்கிறது என்று அதை வெட்டி எறிந்துவிட்டு வயரை நேராக 12 வோல்ட்டில் கொடுத்துவிடுகிறார்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சர்க்யூட் பெரும்பாலும் அந்த பிளக்குக்குள்தான் இருக்கிறது. கருவி ஒரு நொடிகூடத் தாங்காது. பதிலுக்கு 7805 ஐசி போட்டு 5 வோல்ட் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி ஓடும்போது வரும் 14 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் எடுத்தால் அந்த ஐசியில் 9 வாட் வெறும் சூடாகவே போகும். பெரிய ஹீட் சிங்க் இல்லாமல் நிற்காது. அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர்தான் சரி. அதிலும் ஆக மலிவானதை வாங்கினால், அதன் மின் இரைச்சல் சாட்டிலைட் சிக்னலையே மூழ்கடிக்கும். கருவி பேட்டரியில் இருக்கும்போது சிக்னல் பிடித்து, சார்ஜரில் போட்டதும் விட்டுவிட்டால் காரணம் அதுதான்.

'சார்ஜ் ஏறுகிறது என்று காட்டுகிறது, ஆனால் சதவீதம் இறங்குகிறது' என்று ஒரு புகார் அடிக்கடி வரும். யுஎஸ்பியில் நடுவில் உள்ள இரண்டு டேட்டா கால்களும் எங்கும் இணையாமல் தொங்கினால், பல போன்கள் அரை ஆம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து மேப் ஓட்ட அது போதாது. சார்ஜர் பக்கத்தில் அந்த இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று சேர்த்தால் போன் முழுதாக இழுக்கத் தொடங்கும்.

மாட்டும் முன் வண்டியின் ஆரோக்கியத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரைச் சற்றுக் கொடுத்தபடி பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15-க்கு மேல் போனால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட் போய்விட்டது, அதை மாற்றாமல் எந்தக் கருவியையும் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸில் மீட்டரைத் தொடராக வைத்து மில்லி ஆம்பியரில் பாருங்கள். சாவிக்குக் கட்டுப்படாமல் நேராக பேட்டரியில் மாட்டிய சார்ஜர், போன் இல்லாமலே 10 மில்லி ஆம்பியர் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-அவர். 100 சிசி வண்டியின் 3 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் காலி. வெளியூர் போய் வந்து செல்ஃப் அடித்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். மீட்டர் மில்லி ஆம்பியரில் இருக்கும்போது சாவியைப் போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் போடுங்கள், அல்லது பழைய போன் ஒன்றை வழி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ஸ்கூட்டரில் பெரிய பேட்டரியில் கை வைக்கவே வேண்டாம், அதன் 12 வோல்ட் கன்வர்ட்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் செல்போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தமே சொல்கிறது. சட்டம் இடம் கொடுத்த பிறகும், விலை குறைந்த பைக்குகள் பலவற்றில் நிறுவனங்கள் இதற்கென ஓர் இணைப்பைத் தருவதில்லை. வயரைத் தொட்டால் வாரண்டி போச்சு என்ற எச்சரிக்கை மட்டும் தவறாமல் வருகிறது. சாவிக்குக் கட்டுப்பட்ட, தனி ஃபியூஸ் உள்ள, மூடி போட்ட ஒரு கனெக்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால் விட்டுவைக்க ஆகும் செலவு அற்பம். அதைத் தர மனமில்லை என்றால், எந்த நிற வயரில் எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்ற படத்தையாவது உரிமையாளர் கையேட்டில் தமிழிலும் அச்சிட்டுத் தரட்டும்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன எலக்ட்ரீஷியன்கள் இருவர்,
ஈரோடு.