மகளுக்கு, எலிகளைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? நேரத்துக்குத் தூங்குகிறாயா?

உன் ஆய்வகத்து எலிகளைப் பற்றி நீ சொன்னதையெல்லாம் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். கலங்கலான நீர்த்தொட்டி, நீருக்கடியில் மறைத்து வைத்த மேடை, அதைத் தேடும் எலி. ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் எழுதிய சோதனை என்றாய். பழகிய எலி நேரே மேடைக்கு நீந்திவிடும். பழகுவதற்கு முன்பே ஸ்கோபோலமைன் ஊசி போட்டால் சுற்றிச் சுற்றி வரும். நரம்புகளுக்கிடையே சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் போய்ச் சேர வேண்டிய ஏற்பிகளை மருந்து அடைத்துக்கொள்வதால் இடம் மனதில் பதிவதில்லை. இதை எனக்கே புரியும்படி சொன்னாயே, எனக்கு அவ்வளவு பெருமை.

பதற்றத்தைத் தணிக்கும் டையசிபாம் மருந்தின் கதைதான் மனதைவிட்டுப் போகவில்லை. மூளை நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற பொருளின் தடுப்பு வேலையை அது கூட்டிவிடும், பழைய நினைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும், மருந்துக்குப் பிறகு கற்றதுதான் நிற்காது என்றாய். பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல்கூடப் போகலாமாம்.

அத்தை விஷயத்தை அன்று ராத்திரி வெகுநேரம் பேசினோம். அழுதாய். மறுநாள் மாலை, "அத்தைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். நான் எதுவும் காட்டிக்கொள்ளாமல் முதலிலிருந்து சொன்னேன்.

அரிப்புக்குப் போடும் டைஃபென்ஹைட்ரமினைத் தூக்கத்துக்காக விழுங்கிய சித்தப்பாவை யார் கண்டித்தது? அதுவும் அதே ஏற்பிகளைத்தான் அடைக்கும், சீட்டில்லாமல் கிடைப்பதால் சாதாரணம் என்று நினைக்காதீர்கள் என்று நீதான் சொன்னாய். எலிக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறிக்கிறாயே, உனக்கு யாரடி குறிக்கிறார்கள்?

உன் பைக்குள் பார்த்தேன். என்ன மாத்திரை என்று படிக்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போ. சக மாணவியிடம் வாங்கிப் போடாதே. தினமும் போட்டுப் பழகியிருந்தால் நீயாகச் சட்டென்று நிறுத்தவும் செய்யாதே, சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வருமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்கு அவர்களே சொல்லித் தருவார்கள். தூக்கம் கெட்டாலும் நினைவு கெடும் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் நேரத்துக்குப் படு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தம்பி விஷயம் அப்புறம் எழுதுகிறேன். அந்த மாத்திரையின் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. திட்ட மாட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மா