எம்பிபிஎஸ் பசங்க சின்னப் பிள்ளைங்களா?

ஆசிரியருக்கு வணக்கம். 2019 பேட்ச்ல இருந்து எம்பிபிஎஸ்க்கு சிபிஎம்இ னு (வெறும் மனப்பாடம் இல்லாம, டாக்டர் வேலைக்கு வேண்டிய திறமைய வளக்குற) புது பாடத்திட்டம் வந்துச்சு, முதல் வருஷத்துலயே நோயாளியப் பாக்கணும், சின்ன குரூப்பா பேசணும், தானா தேடிப் படிக்கணும்னு தனி நேரமே ஒதுக்கியிருக்காங்க, எழுத்துல பாத்தா அருமை. கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில 1969லயே இந்த மாதிரி தொடங்கிட்டாங்க, ஒரு கேஸைக் குடுத்து அதுக்கு என்னென்ன படிக்கணும்னு பசங்களையே கண்டுபிடிக்க விடுவாங்க. வளர்ந்தவங்களுக்கு எதுக்குன்னு தெரிஞ்சாதான் மண்டைல ஏறும். ஆனா நான் பாடம் எடுக்குற காலேஜ்ல செல்ஃப் டைரக்டட் லேர்னிங், அதாவது தானா தேடிப் படிக்கிறதுன்னு டைம்டேபிள்ல போட்ட மணி நேரத்துலயும் பவர்பாயிண்ட்தான் ஓடுது (ஏசி இருக்கதால நல்ல தூக்கம்), பசங்க செஞ்சு கத்துக்கிட்டத அப்பப்போ பாத்து வாத்தியார் போட வேண்டிய லாக்புக் கையெழுத்து வருஷக் கடைசில மொத்தமா விழுது. வார்டுல சுகர் பேஷண்ட் ஒருத்தரோட கால் புண்ணைப் பாத்துட்டு வந்த பொண்ணு, அவருக்கு ஏன் சார் வலியே தெரியலனு என்கிட்ட கேட்டா. மறுநாள் நரம்பு பாடத்த அவளே படிச்சிட்டு வந்து எனக்கு சொன்னா. குரூப்புக்கு பதினஞ்சு பேர்னாகூட 250 சீட்டுக்கு எத்தனை வாத்தியார் வேணும், யாராச்சும் கணக்கு போட்டாங்களா? சீட்டை ஏத்துறதுக்கு முன்னாடி காலியா கிடக்குற ஆசிரியர் போஸ்ட்டை நிரப்புங்க சார்.

– பிசியாலஜி ஆசிரியர் ஒருவர், மதுரை