சான்றிதழ் வாங்கிய படத்தை யார் தடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தணிக்கை முடிந்து சான்றிதழோடு வரும் படங்களைக்கூட ஏதாவது ஒரு அமைப்பு மிரட்டினால் தியேட்டர்காரர்கள் பயந்து எடுத்துவிடுகிறார்கள், அரசும் சட்டம் ஒழுங்கு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. இதை நினைத்தாலே கோபம்தான் வருகிறது. இடஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போராட்டம் நடத்துவோம், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, பாதுகாப்பு தர வேண்டியது அரசின் கடமை.

அப்புறம், சென்சார் முடிவை எதிர்த்து முறையிட 1983-லிருந்து ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். பெரிய நிறுவனம் வக்கீல் வைத்துப் போராடும், சரி. வட்டிக்குக் கடன் வாங்கிச் சின்னப் படம் எடுத்தவர் என்ன செய்வார்? ரிலீஸ் தேதி தள்ளினால் வட்டி ஏறும் என்பதால் சொன்ன இடத்தில் எல்லாம் வெட்டிக் கொடுத்துவிடுவார். கட்சிப் பெயரோ சாதிப் பெயரோ வரும் இடத்தில் சத்தம் மட்டும் அறுந்துபோய் நடிகரின் உதடு அசைவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன சொன்னார் என்பது பின்வரிசைப் பையன்களுக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது, பிறகு யாரைக் காப்பாற்ற இந்த வெட்டு?

சினிமாவால் வளர்ந்த கட்சிகள் நிறைந்த மாநிலம் இது. அந்தத் தீர்ப்பாயத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி