கமலாவுக்கு, டாம் ராபின்சனைப் பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு படிக்கவும் எழுதவும் டாக்டர் தடை போட்டிருந்தார். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். சட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். நீ சொன்னாய் என்று ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை அவளுக்காக வாங்கினேன். அவளை முந்திக்கொண்டு நானே படித்து முடித்துவிட்டேன்.

பூ ராட்லி, டாம் ராபின்சன் இருவரையும் ஊர் அநியாயமாகப் பழித்த அப்பாவிகள் என்று ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்தாய். அதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டைவிட்டு வெளியே வராத பூ மீது விழுந்தது வம்புப் பேச்சு. அணிலைப் பச்சையாகத் தின்பான், இரவில் ஜன்னலில் எட்டிப்பார்ப்பான் என்ற கதைகள். மரப்பொந்தில் சூயிங்கமும் சோப்புப் பொம்மைகளும் வைத்தே அவன் அந்தத் தெருப் பிள்ளைகளின் பயத்தைக் கரைத்துவிட்டான். அன்பு காட்டியதால் அவன் மனிதனாகத் தெரிந்தான்.

டாமுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. மெயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு விறகு பிளந்தும் தண்ணீர் இறைத்தும் கொடுத்தவன், ஒரு காசும் வாங்கவில்லை. அவளையே பலாத்காரம் செய்தான் என்று அவன்மேல் வழக்கு. ஏன் செய்தாய் என்று அரசு வக்கீல் குடைந்தபோது, அவள்மேல் இரக்கம் வந்தது என்று சொல்லிவிட்டான். அங்கேதான் அவன் கதை முடிந்தது. கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து இரங்குவதா? அந்தச் சபையில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

சாட்சியத்தில் என்ன குறை? காயம் அவள் முகத்தின் வலப்பக்கம். அவள் அப்பன் பாப் யூவெல் இடதுகைக்காரன். டாமின் இடது கையோ சிறுவயதில் பஞ்சரவை எந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப்போனது. அடிபட்ட மெயெல்லாவைப் பார்க்க டாக்டரைக்கூட யாரும் அழைக்கவில்லை. இத்தனையும் ஜூரிகள் கண்ணெதிரே இருந்தன. தெரியாமல் தண்டித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, கமலா. தெரிந்தே தண்டித்தார்கள்.

என்னை உலுக்கிய இடம் வேறு. சிறை வேலியில் ஏறித் தப்ப முயன்றவனைச் சுடுகிறார்கள். உடம்பில் பதினேழு குண்டுகள். இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தால் வேலியைத் தாண்டியிருப்பான் என்கிறார்கள் காவலர்கள். நீதிமன்றத்தில் எடுபடாத அந்தக் கை, அவன் செத்த பிறகுதான் அவர்கள் கண்ணில் படுகிறது. இரண்டு இரவு அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடிவைத்தேன்.

இதைக் கற்பனை என்று தள்ளவும் வழியில்லை. 1931இல், கதை நடக்கும் அதே அமெரிக்க மாநிலமான அலபாமாவில் சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பாலியல் பலாத்காரப் புகார் சொன்னார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு. சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. லீக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1933 மறுவிசாரணையில் அந்தப் பெண்களில் ஒருத்தியான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாட்சி சொன்னாள். அப்படியும் ஜூரி குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. அதை ரத்து செய்த நீதிபதி ஹார்ட்டன் அடுத்த ஆண்டு தேர்தலில் பதவியை இழந்தார். கடைசி மூவருக்கு மன்னிப்பு வந்தது 2013இல்; அப்போது அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

டாமுக்காக வாதாடிய வக்கீல் அட்டிகஸ் பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். டாமின் மனைவி ஹெலனைப் பற்றி ஒரு வரி இல்லை. யூவெல் வீட்டுக்குப் பயந்து அவள் வேலைக்குச் சுற்றுவழியில் நடக்கிறாள். இருபத்து நான்காம் அத்தியாயத்தை இன்னொரு முறை படி. ஆப்பிரிக்கப் பழங்குடியினருக்காக உருகும் சீமாட்டிகள், தீர்ப்புக்குப் பின் தங்கள் வீட்டு வேலைக்காரிகள் முகம் வாடியிருப்பதற்குச் சலித்துக்கொள்கிறார்கள்.

தை பிறந்ததும் பேத்தியோடு வருகிறேன். அவளும் படித்துவிடுவாள், மூன்று பேருமாக உட்கார்ந்து பேசலாம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
சுந்தரி