இரவில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கும் கால் டாக்சி ஓட்டுநர்களுக்கு

அன்புள்ள ஓட்டுநர் தோழர்களே,

ஏர்போர்ட் சவாரிக்காகச் சென்னை ஜி.எஸ்.டி. சாலையோரம் வண்டியைப் போட்டுவிட்டுக் கண் அசரும் உங்களுக்கு இந்த மடல். ரோந்து ஜீப் வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகான ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் பிற்பாடு கோர்ட்டில் மாதக்கணக்கில் பேசுவார்கள்.

தட்டியதும் பதறி இறங்காதீர்கள். உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கையை ஸ்டியரிங் மேல் வையுங்கள். டேஷ்போர்டைத் திறக்கும் முன் "லைசென்ஸ் உள்ளே இருக்கு சார், எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். சீருடையில் இருப்பவர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தாலும் செல்லும். சீருடை இல்லாதவரிடம் அடையாள அட்டை கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 100-க்கு அடியுங்கள்.

குடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஊதச் சொன்னால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆவது பிரிவு "ஓட்டுபவர், ஓட்ட முயல்பவர்" என்றுதான் சொல்கிறது. பின்சீட்டில் இன்ஜினை அணைத்துவிட்டுப் படுத்திருப்பவர் அதில் வரமாட்டார். ஆனால் ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டு ஓட்டுநர் சீட்டிலேயே சாய்ந்திருந்தால், "கிளம்பத்தான் பார்த்தான்" என்று எழுதுவது ரொம்பச் சுலபம். ஷிப்ட் முடிந்து ஒரு குவார்ட்டர் போட்டவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பின்சீட்டுக்குப் போய்விடட்டும்.

சோதனைதான் சிக்கலான இடம். உடம்பைச் சோதிப்பது வேறு, வண்டியைச் சோதிப்பது வேறு. போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவில், கெஜடட் அதிகாரி (அரசிதழில் பெயர் வரும் உயரதிகாரி) அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அது உங்கள் உடம்புக்கு மட்டும். டிக்கிக்கும் கைப்பைக்கும் கிடையாது. பெண்ணைச் சோதிக்கப் பெண் காவலர்தான் வர வேண்டும்.

சாலையில் நின்ற ஜீப்பில் போதைப்பொருள் பிடிபட்ட ஹரியானா வழக்கு ஒன்றில், 2021-இல் உச்ச நீதிமன்றம் தனியார் வண்டி "பொது இடம்" ஆகாது என்றது. அதனால் 42-ஆவது பிரிவுப்படி கிடைத்த தகவலை எழுதிவைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்பியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை என்று விடுதலை செய்தது. வாட்ஸ்அப்பில் இதைப் பார்த்துவிட்டு ரோட்டில் சட்டம் பேசாதீர்கள். அங்கே ஆர்.சி.யில் பொதுப் போக்குவரத்து வண்டி என்று இல்லை. உங்களுடையது மஞ்சள் போர்டு, வாடகை வண்டி. அதே வாதம் உங்களுக்கு நிற்காமல் போகலாம்.

சோதிக்கிறார்கள் என்றால் தடுக்காதீர்கள்; "சம்மதம் இல்லை சார், ஆனா தடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். ஜீப் பின்னால் கூட்டிப்போனால், நான்கு கதவும் டிக்கியும் கண்ணில் படும் இடத்தில் நிற்கக் கேளுங்கள். கதவு திறந்து கிடக்க, ஓட்டுநர் முப்பதடி தள்ளி நின்றார் என்றால், சீட்டுக்கு அடியில் 'கிடைத்த' பொட்டலத்தைப் பற்றி அவரால் எதுவும் சொல்ல முடியாது. கலெக்‌ஷன் பணத்தை எல்லோர் காதிலும் விழும்படி எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

பொருளைக் கைப்பற்றினால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவுப்படி, பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்துப் போடுவது உட்பட எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். "வீடியோ ஓடுதா சார்?" என்று பணிவாகக் கேளுங்கள், அந்தக் கேள்வியும் பதிவாகட்டும். மகஜரில், அதாவது கைப்பற்றிய விவரத்தை எழுதும் தாளில், இடம், நேரம், பொருளின் எடை, இரண்டு சாட்சிகள் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. நேரம் தப்பாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதிவிடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பயணி விட்டுப்போகும் பை. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்று போதைப்பொருள் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு டிராப்புக்குப் பிறகும் பின்சீட்டையும் டிக்கியையும் திறந்து பாருங்கள். ஏதாவது கிடந்தால் பிரிக்காமல் படம் எடுத்து, உடனே ஆப்பில் புகார் போட்டுவிட்டு, பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர்கள் சிலர்