ஆத்தங்கரை வளவைப் பத்தி

மனே,

நேத்து நீ கோல் எடுக்கக்குள்ள நான் ரயில்ல வந்த களைப்பில படுத்திட்டன், அதான் ஒண்டும் ஒழுங்காச் சொல்லல்ல, இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன், வேலைக்குப் போற அவசரத்தில பாக்காம இரவைக்கு இருந்து வாசி. நம்மட ஆத்தங்கரை வளவுக் காணியில நீ ரூம் கட்டக் கேட்ட விசயமும் கடைசியில இருக்கு.

சிதம்பரம் போய் வந்திட்டன். அப்பா இருக்கக்குள்ள எத்தின தரம் "போவம் போவம்" எண்டவர், கடைசியில கோயில் ஆக்களோட நான் மட்டும்தான் போய்ச் சேர்ந்த. மெட்ராஸ்ல இறங்கி பஸ்ல போற நேரமெல்லாம் அவர்ட நினைப்புத்தான். கோயிலுக்குள்ள காலடி வச்சதும் அந்தப் பொன்கூரை, விடியக் காத்தால வெயில் பட்டு நிக்குது மனே, கண்ணெடுக்க ஏலாது. 21,600 ஓடாம், ஒரு நாளைக்கு ஒரு மனுசன் விடுற மூச்சு அவ்வளவெண்டு கணக்கு, 72,000 ஆணி நாடிக் கணக்கு. மறுகா தீட்சிதர் திரையை விலக்கி ரகசியம் காட்டினார், உள்ளுக்க சிலை ஒண்டும் இல்ல, தங்க வில்வமாலை மட்டும் தொங்குது. எங்களோட வந்த ஒராள் "இவ்வளவுதானா" எண்டு கேட்டா, எனக்கெண்டா அது புதுசாத் தெரியல்ல, மண்டூர் முருகன் கோயில்ல மூடின திரைக்கு முன்னால நிண்டு கும்பிட்டு வளந்த நமக்கு உள்ளுக்க என்ன இருக்கெண்டு பாக்கோணுமெண்டா இருக்கு? நான் அந்த இடத்தில நல்லா அழுதிட்டன். அப்பாட பேருக்கு அர்ச்சனையும் செய்த.

அண்ணாமலை யூனிவர்சிட்டியும் அதே ஊர்தான், கேட் வாசல்ல நிண்டு பாத்த. 1931ல அங்க தமிழ்ப் பேராசிரியரா இருந்தது நம்மட காரைதீவு விபுலானந்த அடிகளார், அங்க அந்தக் கதிரையில முதல் ஆளே அவர்தான். ஆறுமுக நாவலரும் 1864ல அந்த ஊர்ல ஒரு வித்தியாசாலை தொடங்கினவர். நம்ம ஆக்கள்ட கால் படாத ஊரில்ல அது. சீர்காழிக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் ஒரே நாள்ல ஓடிப்போய் வந்த, உப்பும் மிளகும் போட்டு உன்ட முழங்கால் வலிக்கு வேண்டின நான், அதுக்கு மேல நிக்க நேரமில்ல.

நான் சொல்ல வந்தது பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை எண்டு பேர் வந்ததே தில்லை மரக் காட்டாலதான், ஆனா டவுனுக்குள்ள இப்ப அந்தக் காடு இல்ல, கடல் பக்கம் பிச்சாவரத்திலதான் மிச்சம். தோணியில ஏத்திப் போனாங்க. ரெண்டு பக்கமும் வேர் தண்ணிக்குள்ள கால் ஊண்டி நிக்குது, அவங்க சுரபுன்னை எண்டுறாங்க, பாத்தா நம்மட வாவிக்கரைக் கண்டல்தான் மனே! தோணிக்காரப் பொடியன் துடுப்பால ஒரு கொப்பை வளைச்சு "இதுதாம்மா தில்லை, தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" எண்டான். முறிஞ்ச இடத்தில வெள்ளையாப் பால் துளிர்த்து நிக்குது, பழுத்த இலை ரெண்டு மூண்டு செக்கச் செவேலெண்டு கிடக்கு. எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு. நம்மட வளவு முனையில, நீ சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள கிட்டப் போகாதே எண்டு நான் ஏசி விரட்டின மரம் அதுதானே. அக்கரைப்பத்துப் பக்கம் தில்லையாறு எண்டு ஆத்துக்கே பேர் இருக்கு, இருந்தும் நடராசர்ட தலவிருட்சம் நம்மட வீட்டுக்குப் பின்னால நிக்குதெண்டு இவ்வளவு வருசமும் யோசிக்காமலே இருந்திட்டனே.

அந்தப் பொடியன் 2004 சுனாமியப் பத்தியும் சொன்னான். கண்டல் காட்டுக்குப் பின்னால இருந்த ஊருகள் பெருசாச் சேதமில்லாமத் தப்பினதாம், கடலுக்கு முன்னால மணல்ல வெளியா இருந்த குடிசைகளத்தான் அள்ளிக்கொண்டு போச்சாம். அவன் சொல்லச் சொல்ல எனக்கு நம்மட மட்டக்களப்பு நாவலடிதான் கண்ணுக்க வந்தது. பெரியம்மாட வீடு இருந்த இடத்தில அண்டைக்கு கிணத்துக்கட்டு மட்டும்தானே மிஞ்சின. மாமிட ரெண்டு புள்ளையளையும் மூணாம் நாள்தான் எடுத்த. நான் தோணிக்குள்ள ஒரு வார்த்தையும் பேசல்ல.

அதால மனே, வளவு முனையைத் துப்பரவாக்கி, கிறவல் போட்டு நிரப்பி, டூரிஸ்ட்காரருக்கு ரூம் கட்டுற கதைய விடு. உன்ட காசில நீ ஆசையாக் கேட்டது எனக்கு விளங்குது, உனக்கும் ஊர்ல ஒரு வருமானம் வேணும்தான். கட்டுறதெண்டா ரோட்டுப் பக்கம் தென்னைக்கு அங்கால கட்டு, அங்க இடம் தாராளமாக் கிடக்கு. தில்லையும் கண்டலும் நிக்கிற துண்டில ஒரு கத்தியும் படக்கூடாது. இறால் குஞ்சும் நண்டும் அந்த வேருக்குள்ளதான் கிடந்து வளருது, காலையில அத்தாங்கு வலையோட வாற சனத்துக்கும் அதுதான் சோறு. நேத்துப் பின்னேரம் போய்ப் பாத்த, தில்லையில புதுசாக் குருத்து விட்டிருக்கு, மஞ்சள் தண்ணி தெளிச்சு ஒரு விளக்கு வச்சிட்டு வந்தன்.

மாமா திங்கக்கிழமை மண் வெட்டுற பெக்கோ மெசின்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறாராம். நான் சொன்னா அவர் கேக்கமாட்டார், நீயே ஞாயித்துக்கிழமைக்குள்ள கோல் எடுத்துச் சொல்லு. விபூதி, குங்குமம் கவர்ல போட்டு வச்சிருக்கன், பெரியப்பாட மகள் கனடா வரக்குள்ள குடுத்து விடுறன்.

அம்மா